கதவைக் கழற்றிய அம்மா!
ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா மகளாகவும், மகள் அம்மாவாகவும் மாறினால்? டீன் ஏஜ் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு கலகல படம்!

கொஞ்ச நாள் முன்பு ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டில் நான்காவது நாளாக மௌன விரதம் நடந்துகொண்டிருந்தது. விரதம் இருந்தது நானும், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும்தான். ‘சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்’, ‘சார்ஜர் எங்க?’ இதற்கு மேல் இருவருக்கும் பேச்சு கிடையாது.

காரணம், ஒரு தாழ்ப்பாள். பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய் உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்வது அவள் வழக்கமாகிவிட்டது. தட்டினால் ‘படிக்கிறேன்’ என்று பதில் வரும். ‘கதவைப் பூட்டிக்கிட்டு அப்படி என்ன படிப்பு?’ என்று நான்கைந்து முறை கேட்டுப் பார்த்தேன். ஒருநாள் கோபத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து நானே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மாலை என் கணவர்தான் சமாதானத் தூதர் வேலை பார்த்தார். ‘எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கலாம். சிரிப்புப் படம்தான், யாரும் யார்கிட்டயும் பேச வேண்டாம்’ என்று சொல்லி டி.வி-யைப் போட்டார். படத்தின் பெயர் ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’. 2003-ல் வந்த டிஸ்னி படம். படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், அதில் வரும் அம்மா மகள் மேல் இருக்கிற கோபத்தில் என்ன செய்கிறாள் தெரியுமா? மகளின் அறைக் கதவையே கழற்றி எடுத்துவிடுகிறாள்!

என் மகள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டி.வி-யை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ‘பரவால்ல, நீ தாழ்ப்பாளோட நிறுத்திக்கிட்ட’ என்றார் கணவர். நான்கு நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

பிஸ்கட்டில் வந்த வினை

கதை இதுதான். டெஸ் கோல்மேன் ஒரு மனநல ஆலோசகர். கணவரை இழந்தவர். ஊரார் மனதில் இருப்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு ஆறுதல் சொல்பவருக்கு, தன் வீட்டில் இருக்கும் 15 வயது மகள் ஆனாவின் மனது மட்டும் பிடிபடவில்லை. ஆனாவுக்கு உயிர், தோழிகளோடு சேர்ந்து நடத்தும் ராக் இசைக்குழு. அம்மாவுக்கோ அது வெறும் இரைச்சல். போதாததற்கு, அம்மா மறுமணம் செய்துகொள்ளப் போகிறார். அப்பாவின் இடத்தில் இன்னொருவரா என்ற தவிப்பு மகளுக்கு. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், எல்லாவற்றுக்கும் எரிந்து விழுகிறாள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை மாலை ஒரு விருந்து. அதே மாலையில்தான் ஆனாவின் குழுவுக்கு ஒரு பெரிய மேடையில் பாடிக்காட்டும் வாய்ப்பும் வருகிறது. ‘போகக் கூடாது’ என்கிறார் அம்மா. வியாழக்கிழமை இரவு ஒரு சீன உணவகத்தில் இருவரும் மூட்டிக்கொள்கிறார்கள். இதைப் பார்த்த ஒரு பாட்டியம்மா, உள்ளே சீட்டு வைத்த இரண்டு பிஸ்கட்டுகளை இருவர் கையிலும் கொடுக்கிறார். பிய்த்துச் சீட்டை வாசித்ததும் தரை நடுங்குகிறது. அந்த நடுக்கம் இவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரிகிறது.

மறுநாள் காலை அம்மாவின் உடம்பில் மகள், மகளின் உடம்பில் அம்மா!

எங்கள் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்திதான் ரன்னிங் கமென்ட்ரி கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் வந்ததும் மாமியார், ‘இதுல என்னடி அதிசயம்? நம்ம திருமூலர் பண்ணாததா?’ என்றார். மேய்த்துக்கொண்டிருந்த மூலன் இறந்துபோக, அவன் உடலைச் சுற்றிச் சுற்றி வந்து கதறிய பசுக்களின் துயரம் பொறுக்காமல் அவன் உடம்புக்குள் புகுந்தவர் திருமூலர் என்பது பெரிய புராணக் கதை. ‘கூடு விட்டுக் கூடு பாயறதுன்னா சும்மா இல்லடி. அடுத்த உசுரோட கஷ்டம் தாங்காமதான் அவர் பாஞ்சாரு’ என்று கதையை முடித்தார் மாமியார். முழுப் படத்துக்கும் அதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

மகள் பட்ட பாடு, அம்மா பட்ட பாடு

‘ஸ்கூலுக்குப் போறதும் வர்றதும்தானே, உனக்கென்ன கஷ்டம்?’ என்பது டெஸ்ஸின் எண்ணம். ‘பெரியவங்களுக்கு என்ன, யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க, இஷ்டத்துக்கு இருக்கலாம்’ என்பது ஆனாவின் எண்ணம். ஒரே பகலில் இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரிந்துபோகிறது.

மகளின் உருவத்தில் பள்ளிக்குப் போகிறார் டெஸ். ஆங்கில ஆசிரியர் தனக்கு வேண்டுமென்றே மோசமான மதிப்பெண் போடுகிறார் என்று ஆனா பலமுறை சொல்லியிருக்கிறாள். அம்மா நம்பியதே இல்லை. இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பது அம்மா. நன்றாகப் பதில் சொல்லியும் ஆசிரியர் மட்டம் தட்டுகிறார். அப்புறம்தான் டெஸ்ஸுக்குப் பொறி தட்டுகிறது: பள்ளி நாளில் தன்னை நடனத்துக்கு அழைத்து, தான் மறுத்துவிட்ட அதே ஆள்தான் இந்த ஆசிரியர்! அந்தப் பழைய ஆத்திரத்தைத்தான் மகள்மேல் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அது மட்டுமா? ‘அந்தப் பொண்ணோட ஏன் இப்ப பேசறதில்ல? நல்ல பொண்ணாச்சே’ என்று அம்மா சிபாரிசு செய்த பழைய தோழியே, பரீட்சையில் இவளைக் காப்பி அடித்ததாக மாட்டிவிடுகிறாள். பிள்ளைகளின் நட்பு வட்டத்தைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்க வைக்கிற காட்சி.

இன்னொரு பக்கம், அம்மாவின் உடம்போடு கிளம்பிய ஆனா முதலில் கொண்டாடுகிறாள். அம்மாவின் கிரெடிட் கார்டை எடுத்துக்கொண்டு போய் முடிவெட்டு என்ன, புது டிரெஸ் என்ன, காதில் கூடுதலாக ஓட்டை என்ன! ஆனால் ஆலோசனைக்கு ஒருவர் மாற்றி ஒருவராக வந்து தங்கள் துயரத்தைக் கொட்டும்போதுதான், அம்மா தினமும் எவ்வளவு பேரின் பாரத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார் என்பது உறைக்கிறது. அம்மா எழுதிய புத்தகத்தைப் பற்றி டி.வி-யில் பேசவேண்டிய நிகழ்ச்சி வேறு. படிக்காத புத்தகத்தைப் பற்றி ஆனா அடிக்கும் கூத்தைப் பார்த்து என் கணவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

என்னைத் தொட்ட காட்சி இது எதுவும் இல்லை. ஆனாவுக்கு ஹாரி என்று ஒரு குட்டித் தம்பி. இருவரும் எலியும் பூனையும். அம்மாவாக அவனுடைய பள்ளிக்குப் போகிற ஆனாவிடம், அவன் எழுதிய கட்டுரையை ஆசிரியை நீட்டுகிறார். தான் ரொம்ப மதிப்பது தன் அக்காவைத்தான் என்று எழுதி வைத்திருக்கிறான் அந்தப் பொடியன்! நேரில் ஒரு நாளும் சொல்லாத விஷயம். வீட்டில் அண்ணன் தம்பி, அக்கா தங்கைச் சண்டையைத் தீர்த்தே பாதி ஆயுள் போகிறது என்று அலுத்துக்கொள்ளும் அம்மாக்கள், இந்தக் காட்சிக்குக் கர்ச்சீப்போடு உட்காருங்கள்.

மாலையில் ஒரு வழியாக மேடை ஏறுகிறது இசைக்குழு. ஆனால், கிட்டாரோடு மேடையில் நிற்பது ஆனாவின் உருவத்தில் இருக்கும் அம்மா. அவருக்கு ஒரு கம்பியும் மீட்டத் தெரியாது. மேடைக்குப் பின்னால் மறைந்து நின்று அம்மாவின் உருவத்தில் இருக்கும் ஆனா வாசிக்க, முன்னால் அம்மா பாவனை காட்டுகிறார். அந்த வெளிச்சத்தில், அந்த ஆரவாரத்தில் நிற்கும்போதுதான் தான் ‘இரைச்சல்’ என்று ஒதுக்கியது மகளுக்கு என்னவாக இருக்கிறது என்பது அவருக்குப் புரிகிறது.

விருந்துக்குத் திரும்பியதும் அடுத்த திருப்பம். ‘உனக்குக் கஷ்டமாக இருந்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், நீயே அவரிடம் சொல்லிவிடு’ என்கிறார் அம்மா. அம்மாவின் உருவத்தில் எழுந்து நிற்கும் ஆனா, தள்ளிப்போடச் சொல்லவில்லை. அம்மாவின் சந்தோஷம் தனக்கு முக்கியம் என்கிற மாதிரி, புது அப்பாவை மனதார வரவேற்றுப் பேசுகிறாள். அம்மா மகளுக்காக விட்டுக்கொடுக்க, மகள் அம்மாவுக்காக விட்டுக்கொடுக்க, மறுபடி தரை நடுங்குகிறது. மாறிய உயிர்கள் அவரவர் கூட்டுக்குத் திரும்புகின்றன.

140 வருடக் கதை!

ஆள் மாறும் இந்தக் கதைக்கு வயது அதிகம். 1882-லேயே எஃப்.ஆன்ஸ்டி என்ற இங்கிலாந்து எழுத்தாளர் ‘வைஸ் வெர்ஸா’ என்று ஒரு நாவல் எழுதினார். அதில் மாறுவது அப்பாவும் மகனும். மாற்றுவது, இந்தியாவிலிருந்து கொண்டுபோன ‘கருடக் கல்’! ‘பள்ளி வாழ்க்கைபோல சுகம் உண்டா?’ என்று அளந்த அப்பா, மகனின் விடுதிப் பள்ளியில் போய் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

அதை அம்மா - மகள் கதையாக மாற்றியவர் அமெரிக்க எழுத்தாளர் மேரி ராட்ஜர்ஸ். நமக்கெல்லாம் தெரிந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தின் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸின் மகள்தான் இவர். இவரும் இசையமைப்பாளர். 1972-ல் வந்த இவருடைய ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’ நாவலில், 13 வயது ஆனபெல் காலையில் எழுந்தால் அம்மாவாக இருப்பாள். புகழ்பெற்ற அப்பாவோடும் கண்டிப்பான அம்மாவோடும் தனக்கு இருந்த சிக்கலான உறவைப் பற்றிப் பிற்காலத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசியவர் மேரி. அவரே பிள்ளைகளை வளர்த்த தாயும்கூட. அம்மா, மகள் என்று இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் என்பதால்தானோ என்னவோ, கதையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் தீர்ப்பு எழுதவில்லை.

1976-ல் முதல் படம். பார்பரா ஹாரிஸ் அம்மா, ஜோடி ஃபாஸ்டர் மகள். திரைக்கதை மேரி ராட்ஜர்ஸேதான். அந்தப் படத்தில் அம்மா ஒரு இல்லத்தரசி. மகள் அவஸ்தைப்படுவது வாஷிங் மெஷினோடும், கணவர் திடீரென்று வீட்டுக்கு அழைத்த விருந்தாளிகளுக்கான சமையலோடும்.

மார்க் வாட்டர்ஸ் இயக்கிய 2003 படத்தில் அம்மா, வேலை பார்த்துக்கொண்டே வீட்டையும் தனியாகச் சுமப்பவர். ஜேமி லீ கர்ட்டிஸும் லிண்ட்சே லோகனும் நடித்தது இந்தப் படத்தில்தான். கர்ட்டிஸ் முதல் தேர்வுகூட இல்லை. ஆனெட் பெனிங் நடிப்பதாக இருந்து விலக, கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர். வந்து அடித்தது சிக்ஸர்! தோளைத் தொங்கப்போட்டு, கண்ணை உருட்டி, 15 வயதுப் பெண்ணாகவே மாறிப்போன அந்த நடிப்புக்கு கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது. எதிரே லிண்ட்சே லோகன், முதுகை நிமிர்த்தி, வார்த்தைகளை எண்ணிப் பேசும் நடுத்தர வயதுப் பெண்மணியாக அசத்தினார். ஆளுக்கொரு வேஷம் இல்லை, ஆளுக்கு இரண்டு வேஷம்!

22 வருடம் கழித்து, 2025 ஆகஸ்டில் இதன் தொடர்ச்சியாக ‘ஃப்ரீக்கியர் ஃப்ரைடே’ வந்தது. அன்று கதவைப் பறிகொடுத்த ஆனா இப்போது ஒரு டீன் ஏஜ் பெண்ணுக்கு அம்மா! டெஸ் பாட்டி! இந்த முறை ஆள் மாறுவது இரண்டு பேர் இல்லை, நான்கு பேர். இயக்கியவர், கனடாவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண் நிஷா கனாத்ரா. அதில் எல்லா என்ற பாப் பாடகியாக வருபவர் நம்ம மைத்ரேயி ராமகிருஷ்ணன். இலங்கையிலிருந்து கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்துப் பெண். ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில், அப்பாவை இழந்து, கண்டிப்பான தமிழ் அம்மாவோடு முட்டி மோதும் தேவியாக நடித்தவர் என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே தெரியும்.

குறையே இல்லையா?

இருக்கிறது. சீன உணவகம் என்றதும் மந்திரம், மாயம், மர்மப் பாட்டி என்று 2003 படம் போகும் வழி, ஆசிய மக்களைக் கேலிப் பொருளாக்குகிறது என்று பின்னாளில் விமர்சிக்கப்பட்டது. பிள்ளைகளோடு பார்க்கும்போது, ‘இப்படிக் காட்டுவது சரியா?’ என்று நீங்களே பேச்சை ஆரம்பித்துவிடலாம். ஆனாவை விரும்பும் பையன், அம்மாவின் உடம்பில் இருக்கும் ஆனாவின் பேச்சில் மயங்கிப் பின்னால் சுற்றுவதும் கொஞ்சம் நெளிய வைக்கிறது. இன்னொன்று, அந்த வீட்டின் வசதி. கதவைக் கழற்றினாலும் அவளுக்கென்று ஒரு தனி அறை இருக்கிறது. ஒரே ஹாலில் ஐந்து பேர் படுத்து எழும் வீட்டுப் பெண்ணுக்குத் தனிமை என்பது கதவைப் பற்றிய பிரச்னையே இல்லை.

மற்றபடி 97 நிமிடப் படத்தில் அடிதடி இல்லை, ஆபாசம் இல்லை, அழவைத்தே தீருவேன் என்ற பிடிவாதம் இல்லை. குடும்பத்தோடு தாராளமாகப் பார்க்கலாம்.

படம் நின்ற இடம்

அந்த ஆங்கில ஆசிரியர் காட்சி சொன்னேன் இல்லையா? அது முடிந்ததும் என் மகள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

‘அம்மா, நான் கணக்கு டீச்சர் பத்தி உன்கிட்ட சொன்னேன்ல?’ என்றாள்.

சொல்லியிருந்தாள். இரண்டு மாதம் முன்பு, நான் குக்கருக்கு விசில் எண்ணிக்கொண்டிருந்தபோது. சந்தேகம் கேட்டால் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்கிறார் என்று. ‘நீ ஏதாவது பண்ணியிருப்ப. டீச்சர் காரணமில்லாமலா சொல்வாங்க?’ என்பது நான் அன்று சொன்ன பதில். சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை.

‘அதுக்கப்புறம்தான் நான் கதவைச் சாத்த ஆரம்பிச்சேன். உங்கிட்ட சொன்னாலும் நீ அவங்க பக்கம்தான் பேசுவ. அப்ப வெளிய உக்காந்து என்ன பண்ண?’

ஹாலில் யாரும் பேசவில்லை. மாமியார் மட்டும், ‘என்னடி சொல்றா?’ என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் அவரே புரிந்துகொண்டு சும்மா இருந்துவிட்டார்.

நான் எத்தனை நாள் அந்தக் கதவுக்கு வெளியே நின்று போனைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன்! உள்ளே அவள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள் என்று தோன்றவே இல்லை. டெஸ் படித்தவர், மனதைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர். அவருக்கே மகளின் பெஞ்சில் ஒருநாள் உட்கார வேண்டியிருந்தது. எனக்குச் சீன பிஸ்கட் தேவைப்படவில்லை. விசில் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் போதும்.

‘தப்பு என்மேலதான்’ என்றேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு சுலபமாக வாய் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் பதில் எதுவும் சொல்லாமல் ரிமோட்டை அழுத்தினாள். படம் மறுபடி ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து என் மடியில் காலை நீட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நானும் கணவரும் பள்ளிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தோம். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. கணக்கு இன்னும் அவளுக்குக் கசப்புதான். ஆனால், இப்போது வகுப்பில் நடப்பதை வந்து சொல்கிறாள். நான் ‘நீ என்ன பண்ணின?’ என்று ஆரம்பிக்காமல், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் பழைய கேள்வியே வாயில் வந்துவிடுகிறது. ‘அம்மா, டெஸ் ஆயிட்ட!’ என்று அவள் நினைவுபடுத்துகிறாள்.

தாழ்ப்பாள்? அதே ஸ்க்ரூ டிரைவரால் நானே திரும்ப மாட்டினேன். ஓர் ஒப்பந்தமும் போட்டோம். நான் தட்டாமல் நுழையக் கூடாது. தட்டினால் அவள் ‘படிக்கிறேன்’ என்று மட்டும் சொல்லக் கூடாது. ஒப்பந்தம் அமலுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அவள் இரண்டு முறை மீறியிருக்கிறாள்.

நான் நான்கு முறை!



படம் முடிந்ததும் வீட்டில் பேசிப் பாருங்களேன்!

* ஒருநாள் நீ நானாக மாறினால், முதல் வேலையாக எதைச் செய்வாய்? எதைச் செய்யவே பயப்படுவாய்?

* நான் உன்னுடைய வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்தால், எந்த நேரம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்?

* நீ சொல்லி நான் நம்பாமல் போன விஷயம் ஏதாவது உண்டா?

* உன் தம்பி, தங்கை, அண்ணன், அக்காவைப் பற்றி நேரில் சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் ஒரு நல்ல விஷயம் எது?

* கதவைச் சாத்திக்கொள்ள உனக்கு எப்போதெல்லாம் தோன்றுகிறது?

முக்கியமான நிபந்தனை: பதில் வரும்போது குறுக்கே பேசக் கூடாது. அம்மாக்களுக்கும்தான், அப்பாக்களுக்கும்தான்!